பசறை ஏற்றத்தில் ஏறி இறங்கிய சூடு

இப்போது ஓடும் பஸ்களில் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி, ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நேரே இருக்கிறது. போன மாதம் மகளைப் பார்க்க லுணுகலைக்குப் போகப் பதுளையில் பஸ் ஏறினேன். ஊசி ஆடுகிறதே என்று கண்டக்டர் கேட்டதற்கு, "அது பைத்தியம் புடிச்ச ஊசி, அப்பிடித்தான் ஆடும்" என்று சொல்லிவிட்டு, சாரதி அந்தக் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டு தட்டி வண்டியை எடுத்தார். மலையையும் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்தவர் பேசியதையும் கேட்கவில்லை. ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பசறை வந்ததும் மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

"என்னங்க, லுணுகலைக்கு டிக்கட் எடுத்துட்டு இங்கயே எறங்கிட்டீங்க?" என்று கண்டக்டர் கூப்பிட்டுக் கேட்டார். அவருக்கு அப்போது பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பஸ் நின்றிருக்க வேண்டும். அவ்வளவு நீளமான பதில் அது.

நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவன். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடி தழைக்கக் கத்தியால் கிளையைக் கழிக்கும் வேலை. எனக்குக் கத்தி பிடிக்க வரவில்லை; தொழிற்சாலை எஞ்சின் அறையைச் சுற்றியே திரிந்தேன். அங்கிருந்து பதுளையில் ஒரு மோட்டார் பட்டறைக்கு வந்தேன். மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன், டயர் ஒட்டினேன், பிறகு எஞ்சின் பிரித்தேன். பெரிய உலகச் சண்டை முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு, தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கும் டாக்டர் ஐயாவுக்குச் சாரதியாகப் போனேன். வண்டி பழுதானால் அதே பட்டறைக்குத்தான் கொண்டு வருவேன்.

பட்டறையில் தலைமை மெக்கானிக் ஹமீது நானா; முஸ்லிம் அண்ணன்மாரை 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். மெலிந்த மனிதர். தொப்பி நெற்றிக்கு மேல் ஏறியே இருக்கும். கோபம் வந்தாலும் குரல் உயராது. இன்னும் தாழ்ந்துவிடும், கிட்டே போய்த்தான் கேட்க வேண்டும். வண்டி வந்தவுடன் ஸ்பானரை எடுக்கிறவனை அவருக்குப் பிடிக்காது. ஓட்டி வந்தவனை ஒரு பெட்டியின் மேல் உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, கோர்ட்டில் விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார். 'சொல்லு' என்பது அவர் வாயில் 'செல்லு' என்றுதான் வரும்.

"செல்லு. ஏத்தத்திலயா, எறக்கத்திலயா?"

"ஏத்தத்துல, நானா."

"எந்த வளைவு? எந்தக் கியர்ல வந்த? மொதல்ல சத்தம் மாறிச்சா, மணம் வந்திச்சா?"

ஏதாவது ஒன்றுக்கு "தெரியாது" என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். "போய்ப் பாத்துட்டு வா. வண்டி செல்றத நீ கேக்காம வந்திட்டா, நான் என்னத்தக் கேக்கிற?" என்பார். ஓட்டும்போது கண்ணும் காதும் மூக்கும் ஒரே வேலையில் நிற்கப் பழகியது அந்தப் பெட்டியின் மேல்தான்.

டாக்டர் ஐயாவின் வண்டியில் சூடுகாட்டி வெளியே இருந்தது. முன்னால் நிமிர்ந்து நிற்கும் ரேடியேட்டரின் மூடிக்கு மேல் வட்டமான ஒரு கண்ணாடி, அதற்குள் காய்ச்சல் பார்க்கும் கருவி மாதிரி மெல்லிய குழாய், குழாயில் சிவப்பு நீர். தண்ணீர் சூடானால் சிவப்பு ஏறும். வட்டத்தின் உச்சியைத் தொட்டால் தண்ணீர் கொதிக்கிறது என்று அர்த்தம். வண்டியை நிறுத்தத்தான் வேண்டும். சாரதி ஆசனத்திலிருந்து பார்த்தால், பாதையும் அந்தச் சிவப்பும் சேர்ந்தே தெரியும்.

அந்த வருடம் மழை முடிந்த கையோடு சிவப்பு ஏறி இறங்க ஆரம்பித்தது. வழக்கமாக ஏற்றத்தில் மெல்ல ஏறும், இறக்கத்தில் மெல்ல இறங்கும். இது அப்படியில்லை. சும்மா இருந்த சிவப்பு திடீரென்று பாய்ந்து உச்சிக்குப் போகும். பதறி நிறுத்தினால், எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே விறுவிறுவென்று இறங்கிவிடும். மூடியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் நிறைய இருக்கும். எங்கும் ஒழுக்கு இருக்காது.

ஹமீது நானா முதலில் சந்தேகப்பட்டது சூடுகாட்டியைத்தான். அதைக் கழற்றி, தேத்தண்ணிக்குக் கொதிக்கும் கேத்தலுக்குள் அதன் காலை விட்டுப் பார்த்தார். சிவப்பு ஒழுங்காக உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது. "இது பொய் செல்லல்ல" என்று துடைத்து வைத்தார். பிறகு ரேடியேட்டரைக் கழற்றிச் சோடா கரைத்த வெந்நீர் ஊற்றி, அழுக்கு வருவது நிற்கும்வரை கழுவினோம். விசிறியைச் சுற்றும் தோல் பட்டையை இறுக்கினோம். எஞ்சினின் தலையைத் திறந்து, நடுவில் இருக்கும் செம்புத் தகட்டை மாற்றினோம். தண்ணீர்க் குழாய்களை நானா இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார், வெடிப்பு இல்லை. தண்ணீரை இறைக்கும் பம்பைக் கையால் சுற்றிப் பார்த்தார், அதிலும் குறையில்லை. பட்டறை முற்றத்தில் வண்டியை நிறுத்தி வெகுநேரம் ஓடவிட்டோம். சிவப்பு அசையவில்லை.

"இங்க ஒண்டும் இல்ல. பழுது மலையிலதான் ஈக்கி" என்றார்.

அடுத்த முறை மலையேறினேன். சிவப்பு பாய்ந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணமும் இப்படித்தான். டாக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். வேலையில் கடுமையானவர். ஆனால் வண்டி விஷயத்தில் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. அதுதான் பெரிய பாரமாக இருந்தது. பின் ஆசனத்தில் அவர் முன்னால் சாய்வது எனக்கு முதுகில் தெரியும். நான் சிவப்பைப் பார்க்கிறேன், அவர் என் தோளுக்கு மேலாகச் சிவப்பைப் பார்க்கிறார். சாப்பிடும்போதும் எனக்கு அந்தக் கண்ணாடி வட்டம்தான் கண்ணில் நின்றது.

ஒரு நாள் காலையில் லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஆள் வந்தது. பிரசவ வலி கண்டு இரண்டாவது நாள், பிள்ளை இறங்கவில்லை, மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள் என்று சொன்னான். டாக்டர் ஐயா பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஐயா, இந்த வண்டிய நம்பி இன்னைக்குப் போக வேணாங்க" என்றேன்.

"வேறை வண்டி இருக்கோ?"

இருந்தது குதிரை வண்டி ஒன்றுதான். அது போய்ச் சேர மத்தியானம் கடந்துவிடும். அவருக்கும் அது தெரியும். ஏறி உட்கார்ந்தார். நான் வண்டியின் முன்னால் சுற்றுக்கம்பியைச் செருகிச் சுழற்றி வண்டியை எழுப்பினேன்.

போகும்போது சிவப்பு இரண்டு தரம் பாய்ந்தது. நிறுத்தி நிறுத்திப் போய்ச் சேர்ந்தோம். லயத்துக்குள் போன டாக்டர் ஐயா சீக்கிரமே வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இஞ்சை வைச்சு ஒண்டும் செய்யேலாது. ஆசுபத்திரிக்குக் கொண்டு போகவேணும். இப்பவே."

அந்தப் பெண்ணின் பெயர் அங்கம்மா. தலைப்பிள்ளை. கம்பளியைத் தூளியாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து பின் ஆசனத்தில் சாய்த்தார்கள். மாமியார் கருப்பாயி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் ஐயா அவர்களுக்குக் கீழே வண்டியின் தரையிலேயே உட்கார்ந்தார். கால்சட்டையெல்லாம் செம்மண். புருஷன் முத்தையாவுக்கு இடமில்லை. என் பக்கத்து மிதிபலகையில் ஏறி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, நான் எதாச்சும் செய்யணுமா?" என்றான். முகம் சாம்பல் பூத்திருந்தது.

எனக்கு வளைவுகளைப் பார்க்கக் கண் வேண்டியிருந்தது. "அந்தச் சிவப்பப் பாத்துக்கிட்டே வா. ஏறினா சொல்லு" என்றேன்.

பசறை வரைக்கும் ஒரு மாதிரி வந்துவிட்டோம். அதற்குப் பிறகுதான் மலை. உச்சியைத் தாண்டிவிட்டால் பதுளைக்கு ஒரே இறக்கம். ஆனால் உச்சி வரைக்கும் இரண்டாம் கியரில், எஞ்சின் அலற அலற ஏற வேண்டும். கூட மூன்று பேரின் பாரம் வேறு. முதல் வளைவு தாண்டவில்லை.

"அண்ணே, ஏறுது!"

நிறுத்தினேன். இறங்கியது. எடுத்தேன்.

"அண்ணே, மறுபடியும்! உச்சிக்குப் போயிருச்சு!"

ஒவ்வொரு தரம் நிறுத்தும்போதும் அங்கம்மாவின் முனகல் தெளிவாகக் கேட்டது. ஓடும்போது எஞ்சின் சத்தத்தில் அது கேட்காது. அதனாலேயே எனக்கு நிறுத்தப் பயமாக இருந்தது. நிறுத்தாமல் ஓட்டவும் பயமாக இருந்தது. தண்ணீர் கொதித்து வற்றினால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும், பிறகு அந்த மலையில் எங்களை யார் வந்து தூக்குவார்கள்?

"இந்தச் சனியன் புடிச்ச வண்டில ஏத்தி வச்சு எம்புள்ளையக் கொல்லப் பாக்குறீங்களே!" என்று கருப்பாயி கத்தினாள். 

பாதி மலையில், கல்லிடுக்கிலிருந்து மூங்கில் பீலி வைத்துத் தண்ணீர் விழும் ஒரு வளைவில், மூடியைச் சுற்றி ஆவி சீறியது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. முத்தையா கல் எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான். சிவப்பு வழக்கம்போல ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இறங்க ஆரம்பித்தது.

டாக்டர் ஐயா இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். அவர் பார்வையும் சிவப்பின் மேல்தான்.

"நிப்பாட்டினால் இறங்குது. ஓடினால் ஏறுது. நீங்கள் எப்பவும் நிப்பாட்டிப்போட்டுத்தானே பாக்கிறியள்?"

"ஆமாங்க. ஓடுற வண்டிய எப்பிடிங்க பாக்குறது?"

"வண்டி ஓட வேண்டாம். எஞ்சின் ஓடட்டும், மலையிலை ஓடுற மாதிரி. நான் வேகத்தைக் கூட்டிறன். நீ உள்ளுக்கை பார்."

பட்டறையில் நாங்கள் வண்டியை எவ்வளவோ நேரம் ஓடவிட்டுப் பார்த்திருந்தோம். ஆனால் மெதுவாகத்தான். பெட்ரோலையும் எஞ்சினையும் வீணாக்காமல், நல்லபிள்ளைத்தனமாக. அது எனக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது.

எஞ்சினை மூடியிருந்த தகட்டைத் தூக்கினேன். டாக்டர் ஐயா, சுக்கான் சக்கரத்தில் இருந்த வேகக் கைப்பிடியைத் தள்ளினார். எஞ்சின் அலறியது. நான் விசிறியைப் பார்த்தேன், பட்டையைப் பார்த்தேன், மேல் குழாயைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறு பக்கம் குனிந்திருந்த முத்தையாதான் கையைக் காட்டினான்.

"அண்ணே! இந்தக் கீழ்க் குழா மூச்ச உள்ள இழுக்குது!"

ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குத் தண்ணீர் போகும் ரப்பர்க் குழாய் அது. பம்பின் இழுப்பில் அதன் வயிறு ஒட்டிப்போய்த் தட்டையாகக் கிடந்தது. டாக்டர் ஐயா வேகத்தைக் குறைத்தார். குழாய் உருண்டு பழையபடி ஆனது. கூட்டினார், ஒட்டியது. அவ்வளவுதான் விஷயம். மலையேறும்போது எஞ்சின் வேகத்தில் பம்பு பலமாக இழுக்கும், சூட்டில் இளகிய ரப்பர் ஒட்டிக்கொள்ளும், எஞ்சினுக்குத் தண்ணீர் நின்றுவிடும், சிவப்பு பாயும். நிறுத்திப் பார்த்தால் குழாய் திறந்திருக்கும். அத்தனை நாள் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

சந்தோஷப்பட நேரமில்லை. கையில் வேறு குழாய் இல்லை.

"என்ன செய்யலாம்?" என்றார் டாக்டர் ஐயா.

"உள்ளுக்குக் கம்பி சுருள் வச்சா ஒட்டாதுங்க. ஆனா கழட்டணும். தண்ணி பூரா எறங்கிரும். எஞ்சின் ஆறாம பச்சத்தண்ணி ஊத்தினா வெடிச்சிரும். ஆற விடணும்."

"எவ்வளவு நேரம்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் பின் ஆசனத்துக்குப் போய் அங்கம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பைக்கடிகாரத்தை எடுத்தார், பார்த்தார், மூடிப் பைக்குள் போட்டார். "செய்" என்றார். பிறகு அந்தக் கடிகாரத்தை அவர் வெளியில் எடுக்கவில்லை.

எஞ்சினை அணைத்தேன். பீலித் தண்ணீரின் சத்தமும் அவள் முனகலும் மட்டும். குழாயின் கிளிப்பைத் தளர்த்தியதும் கொதிநீர் என் முழங்கை வரைக்கும் வழிந்தது. குழாயைத் திருப்பிப் பார்த்தால், வெளியே நல்ல ரப்பர். உள்ளே ஒரு தோல் பாதி உரிந்து நாக்கு மாதிரித் தொங்கியது. இழுத்தால் பிய்யவில்லை. கத்தியால் எட்டவில்லை. டாக்டர் ஐயா தன் பெட்டியைத் திறந்து, முனை வளைந்த நீளமான கத்தரிக்கோல் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஐயா, இது ஆப்பரேஷன் கத்தரிக்கோலுங்க."

"பிறகு அவிச்செடுக்கலாம். வெட்டு."

மிதிபலகையில் பெட்ரோல் தகரத்தைக் கட்டியிருந்த கம்பியை முத்தையா அவிழ்த்தான். அதைச் சுற்றுக்கம்பியின் தண்டில் இறுக்கிச் சுற்றி உருவினோம். சுருளாக வந்தது. அவன் ஒரு முனையைப் பிடிக்க நான் மறு முனையை முறுக்கினேன். முதல் சுருள் குழாய்க்குள் போகவில்லை. அவிழ்த்து மறுபடி சுற்றினோம்.

அப்போதுதான் அங்கம்மா பேசினாள். "மாமி, என்னைய எறக்கி இந்தப் பீலிக்கிட்டப் படுக்க வச்சிருங்க. போதும்." அழுகை இல்லாத குரல். சும்மா களைத்துப்போய்க் கேட்கிற மாதிரி கேட்டாள். அதுவரைக்கும் வைதுகொண்டிருந்த கருப்பாயி அவள் தலையை இழுத்து அணைத்துக்கொண்டாள். முத்தையா கம்பியை விடாமல், திரும்பிப் பார்க்காமல், "இந்தா முடிஞ்சிருச்சு புள்ள, முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். முடிந்திருக்கவில்லை.

குழாயை மாட்டி இறுக்கினேன். எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தேன். எடுக்க வேண்டியதாயிற்று. மறுபடி வைத்தேன். கையை வைத்தபடியே பொறுக்க முடிகிற சூடு வரும்வரை அப்படியே நின்றோம். அந்த நேரம்தான் என் வேலைக் காலத்திலேயே நீளமான நேரம். பிறகு பீலித் தண்ணீரை வாளியில் பிடித்து, நூல் மாதிரி ஊற்றினேன். 

வண்டி எழும்பியது. இரண்டாம் கியர். முத்தையா மிதிபலகையில்.

"சொல்லு" என்றேன்.

"ஏறல அண்ணே."

அடுத்த வளைவு. "சொல்லு."

"நடுவுல நிக்குது. அசையல."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கம்பி நழுவிப் பம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று மனம் அடுத்த பயத்தைப் பிடித்துக்கொண்டது. உச்சியைத் தாண்டி இறக்கத்தில் பதுளை தெரிந்தபோதும் என் கால் தளரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு சுக்கானிலிருந்து கையை எடுக்கப் பார்த்தேன், விரல்கள் விரியவில்லை.

ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. முதலில் அழவில்லையாம், பிறகு அழுததாம். தாய்க்கு இரத்தம் நிறையப் போயிருந்தது. அடுத்து காய்ச்சல் வந்தது. தினமும் காலையில் டாக்டர் ஐயாவை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, அவர் திரும்பி வரும்போது முகத்தைப் பார்ப்பேன். ஒரு நாள் அவரே, "காய்ச்சல் விட்டிட்டுது" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

ஹமீது நானாவிடம் குழாயைக் கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் என்னைப் பெட்டியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார். எந்த வளைவு, எந்தக் கியர், கம்பி எத்தனை சுற்று என்று ஒன்றையும் விடவில்லை. பிறகு குழாயை நீளவாக்கில் கிழித்து, மேசையில் விரித்து ஆணி அடித்து வைத்து, பட்டறை ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். குரல் நன்றாகத் தாழ்ந்திருந்தது. "நான் வெரலால அமுக்கிப் பாத்தது மேலாலதான். இனி எந்த வண்டியும் மலையில ஓடுற வேகத்துல ஓடவிட்டுப் பாக்காம இங்க இருந்து போகப்படாது." அன்றிலிருந்து எங்கள் பட்டறைச் சத்தம் பக்கத்துக் கடைக்காரர்களுக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது.

அங்கம்மா தேறியதும், டாக்டர் ஐயா அவளை வண்டியிலேயே தோட்டத்துக்குக் கொண்டு போய் விடச் சொன்னார். புதுக் குழாய் போட்டிருந்தேன். வண்டியைத் துடைத்து, பின் ஆசனத்தில் கம்பளி விரித்து, ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். முத்தையா பிள்ளையைத் துணியில் சுற்றி ஏந்திக்கொண்டு வந்தான். பின்னால் அங்கம்மா, மாமியார் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வண்டியைப் பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள்.

"இதுல நான் ஏற மாட்டேன்."

"இல்ல புள்ள, இப்ப நல்லாக்கிட்டாங்க. அண்ணேதான் நம்மளக் கொண்டாந்து சேத்தாரு" என்றான் முத்தையா.

"ஏற மாட்டேங்க. நடந்தே போயிருறேன்." அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். வண்டியின் எண்ணெய் வாடை பட்டதற்கே முகம் வெளிறிவிட்டது. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் டாக்டர் ஐயா வெளியே வந்து பார்த்துவிட்டு, "விடு. அவளை ஏத்தாதை" என்றார். பசறைக்கு அரிசி ஏற்றிப்போகும் ஒரு மாட்டு வண்டியில் வைக்கோல் போட்டு இடம் பிடித்துக் கொடுத்தோம். பசறையில் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அங்கே தங்கிப் போவதாக ஏற்பாடு.

எனக்கு மனம் நோகவில்லை. அன்று காலையில் அந்த வண்டியில் ஏறி உட்கார எனக்கே கால் வரவில்லை. அவளை மட்டும் எப்படிக் குறை சொல்வேன்?

மத்தியானம் டாக்டர் ஐயாவை ஏற்றிக்கொண்டு அதே மலைப்பாதையில் போனேன். ஏற்றத்தில் அந்த மாட்டு வண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது. முத்தையா பக்கத்தில் நடந்து வந்தான். அங்கம்மா பிள்ளையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு மறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஹாரன் அடிக்கவில்லை. பாதை அகலமான இடம் வரும்வரை பின்னாலேயே முதலாம் கியரில் ஊர்ந்து, பிள்ளைமேல் தூசி படாமல் மெல்லத் தாண்டினேன். போன மாதம் பசறையில் மூட்டையோடு இறங்கி நின்றபோது, அந்த மாட்டு வண்டியில் திரும்பி உட்கார்ந்திருந்த அவளைத்தான் நினைத்துக்கொண்டேன்.